எல்லையில் ஆடும் கூத்து: பீடோங் திடலுக்கு எதை எடுப்பது, எப்படிக் கட்டுவது?

பதிவு 1 | பீடோங் திடல்

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் கோயில் திடலில் ஓர் இரவு நிகழ்ச்சி வைக்கிறோம். தலைப்பு 'எல்லை'. திடல் 60 அடிக்கு 40 அடி. நாற்காலி 200. மொத்த நேரம் 90 நிமிடம். ஒரு பக்கம் கோயில் மதில், எதிர்ப்பக்கம் செம்பனை. பழைய தோட்டத்து நிலத்தில் பாதி இப்போது தாமானாக, அதாவது வீடமைப்புப் பகுதியாக, மாறிவிட்டது.

கேட்க நினைப்பது மூன்று. எல்லையைப் பற்றி ஒரு நாடகம் எழுதுவதா, எல்லைப் பகுதியிலேயே வளர்ந்த கூத்து ஒன்றைக் கொண்டுவருவதா? தாய்லாந்துக் குழுவை அழைத்தால் என்னென்ன வேலை? தோட்டத்து எல்லைச் சடங்கை மேடையில் காட்டலாமா? விவரம் தெரிந்தவர்கள் அளவு, நேரம், செலவாகும் இடம் எல்லாம் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 | திரைநிழல்

தம்பி, நாடகம் எழுதாதீர்கள். பீடோங்கில் இருந்துகொண்டு எல்லைக் கூத்தைத் தேடி வெகுதூரம் போகவே வேண்டாம். நெடுஞ்சாலையில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் புக்கிட் காயு ஹீத்தாமில் தாய்லாந்து எல்லை வந்துவிடும்.

1909 ஆங்கிலோ-சயாம் ஒப்பந்தத்தில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கும் சயாமின் ஆதிக்கத்திலிருந்து பிரிட்டிஷ் கைக்கு வந்தன. கோடு அன்று போடப்பட்டது. கூத்து அதற்கு முன்பே இரண்டு பக்கமும் இருந்தது. தென் தாய்லாந்தின் நிழற்பாவைக் கூத்து நாங் தாலுங். அதே மரபு கெடாவிலும் பெர்லிஸிலும் வாயாங் கெடெக். கிளந்தானில் வாயாங் குலிட். அதையே முன்பு வாயாங் சியாம் என்றார்கள். மெனோரா என்ற ஆட்டக்கூத்தும் அப்படித்தான். தாய்லாந்தில் நோரா, இங்கே மெனோரா. நோராவை யுனெஸ்கோ 2021இல் தாய்லாந்தின் பேரில் பட்டியலில் சேர்த்தது. கெடாவிலும் கிளந்தானிலும் உள்ள சயாமியக் கிராமங்களில் ஆடுவதும் அதே ஆட்டம்தான்.

இந்தக் கூத்துகளை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். எல்லையைத் தாண்டும்போது கூத்து கோமாளியின் மொழியை மாற்றிக்கொள்கிறது. தொடக்கச் சடங்கை மாற்றுவதில்லை. நாங் தாலுங்கில் முதலில் திரைக்கு வருவது தவசி. அடுத்து காளை மேல் ஈசுவரன். அவர்கள் 'இசுவன்' என்பார்கள். பிறகு குருவுக்கும் பெற்றோருக்கும் வணக்கப்பாட்டுப் பாடும் பாவை. அதன்பின் 'இன்று இரவு இந்தக் கதை' என்று அறிவிக்கும் கோமாளிப் பாவை. நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்யும் வேலை. இந்த வரிசை முடிந்த பிறகுதான் கதை. வாயாங் குலிட்டில் மகாரிசியும், வில்லேந்தி மோதும் இரண்டு தேவர்களும் முதலில் வருவார்கள்.

கோமாளி வாய் திறந்ததும் ஊர்ப்பேச்சு வந்துவிடும். அரசர்கள் உயர்ந்த மொழியில் பேசட்டும். கோமாளி எந்த ஊரில் ஆடுகிறானோ அந்த ஊர் மொழியில் பேச வேண்டும். மெனோரா கிளந்தானில் ஆடும்போது பாட்டும் சடங்கும் தாய் மொழியில் நிற்கும், பேச்சு கிளந்தான் மலாய்க்குத் திரும்பும். ஆகவே உங்கள் திடலுக்கு ஒரு வாயாங் கெடெக் குழு வந்தால் தொடக்கத்தைச் சுருக்கச் சொல்லாதீர்கள். கோமாளிப் பகுதிக்கு மட்டும் நம் ஆள் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தித் தமிழில் எதிர்ப்பேச்சு பேச வையுங்கள். மொழிபெயர்க்க வேண்டாம், பதில் சொன்னால் போதும்.

தமிழில் இதற்கு இணை பாலக்காட்டுத் தோல்பாவைக் கூத்து. பத்ரகாளி கோயிலுக்கு எதிரே கூத்துமாடம். 42 அடி நீளத் திரை. பின்னால் தேங்காய் மூடிகளில் வரிசையாக 21 விளக்கு. ஏற்றும் தீ கருவறையிலிருந்து வரும். பாடுவது கம்பராமாயணப் பாட்டு. விளக்கம் சொல்வது தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது பாலக்காடு கேரளத்தோடு போனது. பாட்டு கம்பனோடு நின்றது. பாட்டு மாறாது, பேச்சு மாறும். அங்கும் அதே கணக்கு.

பதிவு 3 | வாசல்மணி

திரைநிழல் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். கோடு போட்ட பிறகு கோடே பிள்ளை பெற்ற கூத்தும் உண்டு. அட்டாரி-வாகா.

1959 முதல் நடக்கிறது. இந்திய எல்லைப் பாதுகாப்புப் படையும் பாகிஸ்தான் ரேஞ்சர்களும் சூரியன் மறையும் நேரத்தில் கொடி இறக்குகிறார்கள். அடியைப் பாருங்கள்: நீட்டிய குரல், வேக நடை, நெற்றி வரை தூக்கும் கால், மீசை முறுக்கல், கதவு திறப்பு, கைகுலுக்கல், கொடி இறக்கம், கதவு அடைப்பு. கொடி இறங்கும்போது ஒன்று மற்றதை முந்தக் கூடாது. இரண்டு பேரும் ஒரே வேகத்தில் கயிற்றை விட வேண்டும். எதிரிகள் என்று காட்டுகிற ஆட்டத்துக்கு இரண்டு தரப்பும் ஒரே தாளத்தில் இருந்தே ஆக வேண்டும். ஒருவர் தாளம் தப்பினால் இருவருக்கும் அவமானம். இந்த ஒத்துழைப்பை எந்த அரசும் வெளியில் சொல்வதில்லை, உடம்பு சொல்லிவிடுகிறது.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்தியத் தரப்பு கதவைத் திறக்காமல், கைகுலுக்காமல் நடத்தியது. அணிவகுப்பு இருந்தது, சந்திப்பு போனது. எந்த அடியை எடுத்துவிட்டார்கள் என்று பார்த்தாலே உறவின் நிலை தெரிகிறது.

திடலுக்கு இதை எடுப்பதானால் இராணுவ உடையைப் போட்டு நகல் எடுக்காதீர்கள். சட்டச் சிக்கலும் வரும், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பும் வரும். உத்தியை மட்டும் எடுங்கள். இரண்டு குழு, எதிர் எதிர்த் திசை, கண்ணாடிப் பிம்பம் போல ஒரே அடவு, நடுவில் ஒரு கோடு. கால் கோட்டில் படாமல் 4 நிமிடம். கோலாட்டம் தெரிந்த பிள்ளைகளுக்கு மூன்று வாரப் பயிற்சி போதும். கெடுவது எங்கே என்றால், இரண்டு குழுவும் ஒரே ஆசிரியரைப் பார்த்து ஆடிப் பழகிவிடும். அப்படியானால் ஒரு பக்கம் எப்போதும் அரை நொடி பின்தங்கும். எதிரில் நிற்பவரின் தோளைப் பார்த்து ஆடப் பழக்குங்கள்.

பதிவு 4 | திரைநிழல்

ஏற்றுக்கொள்கிறேன். 'உடம்பு சொல்லிவிடுகிறது' என்பது சரி. ஆனால் வாகாவில் பார்வையாளர் தன் நாட்டுப் பக்கம்தான் உட்கார முடியும். வாயாங் கெடெக் பார்ப்பவர் பக்கம் மாறி உட்காரலாம். இந்த வேறுபாட்டை விட்டுவிடாதீர்கள், உங்கள் திடலுக்கு இதுதான் முக்கியம். அளவோடு பிறகு எழுதுகிறேன்.

பதிவு 5 | உறுமிக்கட்டு

நான் மேளத்தை மட்டும் பேசுகிறேன். 60 அடித் திடலின் இரண்டு முனையிலும் இரண்டு உறுமி மேளத்தை நிறுத்தி நடுவில் கோடு போடலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். செய்யாதீர்கள்.

நம் ஊர் வெப்பத்தில் ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 60 அடி என்பது 18 மீட்டர். ஒரு முனை அடி மறுமுனைக்குப் போக 0.05 நொடி. கேட்டவர் அதற்கேற்ப அடித்தால் அது திரும்பி வர இன்னொரு 0.05. நிமிடத்துக்கு 140 அடி வேகத்தில் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.43 நொடிதான். ஒவ்வொரு குழுவும் மற்றது பின்தங்குகிறது என்று நினைத்து காத்திருக்கும்; இரண்டு நிமிடத்தில் வேகம் படுத்துவிடும். கோபக்காரர்கள் என்றால் எதிர்மாறாக ஓடும். 10 மீட்டருக்குள், அதாவது 33 அடிக்குள், இருவரும் நின்றால் 0.03 நொடி, அது காதுக்குப் பொறுக்கும்.

தூரமாகத்தான் நிற்க வேண்டும் என்றால் சேர்ந்து அடிக்காதீர்கள், மாற்றி மாற்றி அடியுங்கள். அமெரிக்க-மெக்சிகோ எல்லையில் தீஹுவானாவும் சான் டியாகோவும் முட்டும் இடத்தில் 2008 முதல் வேலியின் இரண்டு பக்கமும் பாட்டுக்காரர்கள் கூடி ஃபாண்டாங்கோ நடத்தினார்கள். வேராக்ரூஸ் பக்கத்து சோன் ஹரோச்சோ இசை. ஹரானா என்ற சிறிய கம்பிக் கருவி. மரப்பலகை மேல் கால் தட்டி ஆட்டம். அந்த மரபில் ஒருவர் ஓரடி பாட மற்றவர் பதிலடி பாடுவது இயல்பு. வேலி குறுக்கே இருந்தும் அது ஓடியதற்கு அந்த அமைப்பு பெரிய காரணம். சேர்ந்திசையாக இருந்திருந்தால் கம்பி வலைக்கும் கடல் காற்றுக்கும் பிறகு தாளம் நின்றிருக்காது. நம்மிடம் எசப்பாட்டு இருக்கிறது, அதை எடுங்கள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில், நடுவில் 2 அடி மௌனம்.

தோல். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிறோம்; அந்த முகம் ஈரம் பட்டால் முனகாது, வெறுமனே உரசும் சத்தம் வரும். குளிர்சாதன வேனில் கொண்டுவந்து உடனே இரவுப் பனியில் வைத்தால் தோலில் ஈரம் பூக்கும். அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். வேப்பச் சருகுத் தீயில் காட்டுவதானால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, உள்ளங்கையை நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். கைக்குச் சுட்டால் தோலுக்கும் சுடும். எல்லையைத் தாண்டி வரும் குழுவுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. சோதனைச் சாவடியில் லாரி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றால் இழுத்துக் கட்டிய தோல் ஓரத்தில் கிழியும். கிளம்பும் முன் வாரை ஒரு பிடி தளர்த்தச் சொல்லுங்கள், இறங்கியதும் ஏற்றிக்கொள்ளலாம்.

பதிவு 6 | காவல் தெய்வம்

உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். இதைத்தான் எல்லாரும் தள்ளிவைக்கிறார்கள். நம் தோட்டத்தில் எல்லை என்ற சொல் நாட்டோடு தொடங்கவில்லை. ரப்பர் மரம் வெட்டுபவருக்கு நிரை என்பது எல்லை. இந்த மரத்திலிருந்து அந்த மரம் வரை உன்னுடையது. அதற்கு மேல் தீம்பார், அதாவது ரப்பர்க் காட்டுப் பகுதி. அதற்கு மேல் தோட்டத்து எல்லைக் கல். கல்லுக்குப் பக்கத்தில் முனியாண்டி. லயத்து வீட்டு வரிசைக்குள் மாரியம்மன், ஓரத்தில் முனியாண்டி என்று இருப்பது அழகுக்காக இல்லை. ஒருவர் உள்ளே இருந்து காப்பவர், ஒருவர் வாசலில் நிற்பவர்.

திருவிழாவில் எல்லையைக் கட்டும் முறை, ஊருக்கு ஊர் சற்று மாறினாலும், எலும்பு ஒன்றுதான். கொடியேற்றத்துக்கு முன் நான்கு மூலைக்கும் போய்ப் பூசணி உடைப்பு அல்லது எலுமிச்சை வெட்டு. பம்பையும் உறுமியும் முன்னால். ஒவ்வொரு மூலையிலும் தாளம் நிற்கும், பூசாரி திசையை அழைப்பார், மீண்டும் தாளம். நான்கு மூலையும் முடிந்து கோயிலுக்குத் திரும்பிய பிறகுதான் காப்பு. காப்புக் கட்டியவர் இரவில் எல்லைக்கு வெளியே தங்கக் கூடாது. விழா முடிந்து காப்பை அவிழ்க்கும்வரை அந்த நான்கு மூலைக்குள்ளே ஒரு நாடு இருக்கிறது. மஞ்சள் துணிதான் அதன் பாஸ்போர்ட்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். தோட்டம் விற்கப்பட்டது. மேற்கு மூலையில் மாடி வீட்டு வரிசை. வடக்கு மூலைக்கு நடுவே சாலை. கிராணத்தில், அதாவது நிலப் பட்டாவில், எல்லை மாறிவிட்டது, பூசாரியின் எல்லை மாறவில்லை. ஊர்வலம் பழைய மூலைக்குத்தான் போகிறது. போக இப்போது போலீஸ் பெர்மிட் வேண்டும், பாதையை வரைந்து காட்ட வேண்டும். அந்த வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: இல்லாத ஒரு தோட்டத்தின் உருவம் அதில் இருக்கும். எல்லையைப் பற்றி இந்தத் திடலில் சொல்ல வேண்டிய பெரிய செய்தி அதுதான் என்று நினைக்கிறேன். வாகாவையும் தீஹுவானாவையும் விட இது நமக்குக் கிட்டத்தில் இருக்கிறது.

மேடையில் காட்டலாமா என்றால்: பலி, அருள்வாக்கு, காப்பு மூன்றையும் நடிக்காதீர்கள். கூத்துக்காகக் கட்டிய காப்பை யார் அவிழ்ப்பது என்ற கேள்விக்கு எந்தப் பெரியவரிடமும் பதில் இருக்காது. அங்கேயே யாருக்காவது அருள் வந்தால் உங்கள் 90 நிமிடமும் போய்விடும், அவரைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. திசை அழைப்பும், தாளம் நிற்கும் அந்த மௌனமும் மட்டும் போதும். திடலின் நான்கு மூலையிலும் நான்கு விளக்கு. ஒவ்வொரு மூலையிலும் இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று ஒருவர் ஒரே வரியில் சொல்லட்டும். 'இங்கே ரப்பர்ப் பால் ஸ்டோர் இருந்தது. இப்போது கார் நிறுத்துமிடம்.' அவ்வளவுதான். கோயில் நிர்வாகத்திடம் மட்டும் கேட்டால் போதாது, பூசாரியிடம் தனியாகக் கேளுங்கள்.

பதிவு 7 | பீடோங் திடல்

எல்லாருக்கும் நன்றி. குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது. நுழைவாயிலில் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் மாதிரி சிறு புத்தகம் கொடுத்து, பக்கம் மாறும்போது முத்திரை குத்தலாம். சிலருக்கு 'அனுமதி இல்லை' என்ற முத்திரை. எல்லையின் வலி புரியும் என்கிறார்கள். அக்கா, அண்ணன்மார் கருத்து என்ன?

பதிவு 8 | காவல் தெய்வம்

வேண்டாம் தம்பி. நம் திடலில் உட்காரப் போகிறவர்களில் குடியுரிமை கிடைக்காமல் சிகப்பு ஐசியோடு (நிரந்தரவாசி அட்டை) வாழ்நாள் கழித்தவர்கள் இருப்பார்கள். பிறப்புப் பத்திரம் சரியில்லாமல் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க அலைந்தவர்கள் இருப்பார்கள். அவர்களை நிறுத்தி 'அனுமதி இல்லை' என்று விளையாட்டுக்கு முத்திரை குத்துவது அநியாயம். வலி புரியாதவர்களுக்கு அது ஒரு நிமிட விளையாட்டு; புரிந்தவர்களுக்கு மீண்டும் ஒரு கவுண்டர்.

பதிவு 9 | வாசல்மணி

நானும் அதையே சொல்வேன். 2019 ஜூலையில் அமெரிக்க-மெக்சிகோ எல்லைச் சுவரின் கம்பி இடைவெளியில் மூன்று இளஞ்சிவப்பு ஏற்றப் பலகைகளை (சீசா) நுழைத்து, இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஏறி இறங்கி ஆடினார்கள். கட்டடக் கலைஞர்கள் ரோனால்டு ராயேலும் வர்ஜீனியா சான் ஃபிராத்தெல்லோவும் செய்த ஏற்பாடு. நீடித்தது ஒரு மணி நேரம் கூட இல்லை. யாரும் யாரையும் தடுத்து நிறுத்திக் காட்டவில்லை. ஒரு பக்கம் எழுந்தால் மறுபக்கம் இறங்கும் என்ற ஒரே இயக்கம், அங்கே வேறு விளக்கம் தேவைப்படவில்லை. முத்திரைக்கு ஆகும் காசில் இரண்டு பலகை செய்யலாம். 10 அடி மெராந்திப் பலகை, 2 அங்குலக் கனம், நடுவில் இரும்புக் குழாய். தாங்கியின் உயரம் 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, பெரியவர்கள் ஏறினால் முதுகில் அடிவிழும். இரண்டு முனைக்கும் கீழே பழைய டயர் பாதி புதைத்து வையுங்கள்.

பதிவு 10 | கோப்பு

தாய்லாந்துக் குழு பற்றிக் கேட்டது அப்படியே நிற்கிறது. சுருக்கமாக:

சமூக வருகை அனுமதியில் வந்து மேடை ஏறக் கூடாது, இலவச நிகழ்ச்சியாக இருந்தாலும். வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும் அரசுக் குழுவான புஸ்பாலின் ஒப்புதல் வேண்டும். விண்ணப்பம் இங்குள்ள ஏற்பாட்டாளர் பேரில் போகும். அதன் பிறகு குடிநுழைவுத் துறை அனுமதி. எல்லைவாசிகளுக்கான பார்டர் பாஸ் இருக்கிறதே என்று குழுவில் ஒருவர் சொல்வார். அது உறவினரைப் பார்க்க, சாமான் வாங்க. கூத்துக்கு இல்லை. ஊராட்சி மன்றத்தின் கேளிக்கை லைசென்சும் போலீஸ் அனுமதியும் தனி. திடல் கோயிலுடையது என்பதால் இவை விலகிவிடாது. வருகிறவர்கள் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். நீங்கள் பதில் விருந்துக்கு அங்கே போனால், 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கும் அதே மாதிரி அட்டை.

கருவிகளுக்கு ஏ.டி.ஏ. கார்னே, அதாவது பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுவந்து திரும்ப எடுத்துப்போக உதவும் சுங்கப் பத்திரம். மலேசியாவில் கொடுப்பது மலேசிய அனைத்துலக வணிக, தொழிலியல் சபை. தாய்லாந்துக் குழு அவர்கள் நாட்டில் வாங்க வேண்டும். ஓராண்டு செல்லும். பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வரி: பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, செய்த நாடு. 'மேள சாமான் 1 பெட்டி' என்று எழுதினால் சாவடியில் பெட்டியைப் பிரிப்பார்கள். முத்திரை நான்கு: அங்கிருந்து வெளியே, இங்கே உள்ளே, இங்கிருந்து வெளியே, அங்கே உள்ளே. எல்லாரும் மறப்பது மூன்றாவது. நிகழ்ச்சி முடிந்த களைப்பில் கஸ்டம்ஸ் மேசையில் நிற்காமல் போய்விடுவார்கள். பொருள் இங்கேயே தங்கிவிட்டது என்று கணக்காகி வரி கேட்டுக் கடிதம் வரும். கற்பூரம், விபூதி, பூ, சாப்பாடு கார்னேயில் வராது. தீர்ந்துபோகும் பொருளுக்கு அது இல்லை. பூசைப் பொருளை இங்கேயே வாங்கிக் கொடுங்கள்.

தோல் எது என்று எழுத்தில் கேளுங்கள். ஆடு, மாடு, எருமை என்றால் பெரும்பாலும் சிக்கலில்லை. பழைய கஞ்சிராவில் உடும்புத் தோல் இருந்தால் அதை எல்லைக்குக் கொண்டுவரவே வேண்டாம். இந்தியாவிலிருந்து காவடிக்கு மயிலிறகு தருவிக்க நினைப்பவர்களுக்கும் அதே எச்சரிக்கை. அங்கே ஏற்றுமதிக்குத் தடை.

பதிவு 11 | உறுமிக்கட்டு

கோப்பு ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாட்டு எல்லை மட்டும் எல்லை ஆகாது. ஒரே ஆட்டம் சட்டம் மாறும் இடத்தில் வேறாகிவிடும். ஜொகூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் தைப்பூச ஊர்வலத்தில் உறுமி இல்லாமல் காவடி நகராது. அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1973இலிருந்து ஊர்வலத்தில் இசைக்கருவிக்குத் தடை. 2016இல் பாதையோரம் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். பிறகு இன்னும் தளர்த்தினார்கள். கருவி இல்லாத ஆண்டுகளில் கூட வந்தவர்கள் குரலாலும் கைத்தட்டாலும் காவடியை நடத்தினார்கள். கருவியைத் தடுத்தால் தாளம் உடம்புக்குள் போய்விடுகிறது. ஒரே காவடிச் சிந்தை ஒருமுறை மேளத்தோடும் ஒருமுறை கைத்தட்டோடும் கொடுங்கள். ஒரு கிலோமீட்டர் பாலம் என்ன செய்கிறது என்பது கேட்டாலே தெரியும்.

பதிவு 12 | திரைநிழல்

நல்ல எடுத்துக்காட்டு. கிளந்தானையும் சேருங்கள். மாக் யோங் என்ற மலாய் ஆட்ட நாடகத்தை 2005இல் யுனெஸ்கோ அரும்படைப்பு என்று அறிவித்தது. 2008இல் பட்டியலில் சேர்ந்தது. அது பிறந்து வளர்ந்த கிளந்தானிலேயே 1991இலிருந்து தடை. 2019இல் நிபந்தனையோடுதான் தளர்த்தினார்கள். தாய்லாந்தின் பட்டானியிலும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளிலும் அதே மரபுக்கு வேறு வாழ்க்கை.

இப்போது திரை. வாக்களித்தபடி அளவு.

60 அடி நீளத்தின் நடுவே குறுக்காகத் திரையைக் கட்டுங்கள், 12 அடி அகலம், 5 அடி உயரம், வெள்ளைப் பருத்தி. பாலியெஸ்டர் கலந்த துணி வேண்டாம். தரையிலிருந்து திரையின் அடி வரை 3 அடி கறுப்புத் துணி. கீழே வாழைத்தண்டு, பாவைக் குச்சியைச் செருகி நிறுத்த. அன்று காலை வெட்டியது என்றால் குச்சி வழுக்காது, இரண்டு நாள் ஆனால் உள்ளே குழைந்துவிடும்.

இரண்டு பக்கமும் நாற்காலி. ஒரு வரிசையில் 12, எட்டு வரிசை. பக்கத்துக்கு 96 பேர். வரிசைக்கு 3 அடி என்றால் 24 அடி ஆழம். நிழல் பக்கம் முதல் வரிசைக்கும் திரைக்கும் நடுவே 4 அடி, பாவையாட்டும் பக்கம் 8 அடி. கூட்டினால் சரியாக 60. 200இல் மீதி 8 நாற்காலி பெரியவர்களுக்கு, மதிலோரம். நாற்காலி வரிசை 21 அடி அகலம்தான் எடுக்கும். திடலின் 40 அடியில் இரண்டு ஓரமும் 9 அடிக்கு மேல் வழி கிடைக்கும். மேளக்காரர்களைப் பாவையாட்டுபவருக்குப் பின்னால் வைக்காமல் ஓரத்தில் வையுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்தாருக்கு முதுகுதான் தெரியும்.

ஒரு பக்கம் நிழல் தெரியும். மறுபக்கம் வண்ணப் பாவையும் ஆட்டுபவர் கையும் தெரியும். இரண்டு பக்கத்தாரும் ஒரே கதையைப் பார்க்கிறார்கள், ஆனால் ஒரே பொருளைப் பார்க்கவில்லை. 20ஆம் நிமிடத்தில் கதையை நிறுத்தி எல்லாரையும் பக்கம் மாறச் சொல்லுங்கள். இடது ஓரம் ஒரு திசைக்கு, வலது ஓரம் எதிர்த் திசைக்கு. ஒரே வழியில் இரண்டு திசையும் விட்டால் நடுவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். மூன்று நிமிடம் ஆகும். உறுமிக்கட்டு சொன்ன எசப்பாட்டு அந்த மூன்று நிமிடத்துக்கு.

விளக்கு: ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். 100 வாட் தெளிந்த கண்ணாடிப் பல்பு, ஆட்டுபவரின் தலைக்குச் சற்று மேலே, திரையிலிருந்து இரண்டரை அடி. தகட்டில் பல எல்.ஈ.டி. பதித்த வெள்ள விளக்கு வேண்டாம். ஒவ்வொரு பொட்டும் தனி நிழல் போடும். இராவணனுக்குப் பத்துத் தலை இருக்க வேண்டிய இடத்தில் முப்பது வரும். பாவை திரையை ஒட்டியிருந்தால் கூர்மை. ஒரு கை அளவு பின்னால் இழுத்தால் பெருத்து மங்கும். மறைவதற்கும் பேயாக வருவதற்கும் அதுதான் வழி. விளக்குக்கு எதிரே உட்காருபவர் கண்ணில் ஒளி அடிக்காமல் பல்புக்குப் பின்னால் ஒரு தகரம்.

பதிவு 13 | பீடோங் திடல்

முத்திரைப் புத்தகத்தைக் கைவிட்டோம். வரிசை இப்படி: நான்கு மூலை அழைப்பு 12 நிமிடம், கோட்டின் இரு பக்க அடவு 4, காவடிச் சிந்து இரண்டு விதமாக 10, பிறகு வாயாங் கெடெக் 50, நடுவில் பக்க மாற்றம் 3. மீதி 11 நிமிடம் கையிருப்பு. ஏற்றப் பலகை நிகழ்ச்சிக்கு முன்பே பிள்ளைகளுக்கு. கோட்டைச் சுண்ணாம்பில் போடலாமா?

பதிவு 14 | காவல் தெய்வம்

மழை வந்தால் சுண்ணாம்பு கரைந்து காலில் ஒட்டும், வெறுங்காலில் ஆடும் பிள்ளைகளுக்கு எரியும். பச்சரிசி மாவில் கோலம் போல இரண்டு விரல் அகலம் இழுங்கள். மழைக்குப் பிறகு மீண்டும் போட இரண்டு கிலோ மாவு கையில் இருக்கட்டும். கயிறு கட்டாதீர்கள், பக்கம் மாறும்போது இருட்டில் தடுக்கும்.

பதிவு 15 | கோப்பு

கையிருப்பு 11 நிமிடம் போதாது, ஒரு மணி நேரம் தேவைப்படலாம். தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் தாய்லாந்தை விட ஒரு மணி நேரம் முன்னால். தாய்லாந்துக் குழுவிடம் '8 மணி' என்று மட்டும் சொன்னால் அவர்கள் நம் 9 மணிக்கு வந்து நிற்பார்கள். சாவடி மூடும் நேரத்தையும் எந்த நாட்டு மணி என்று கேட்டு எழுதுங்கள், திரும்பும் லாரிக்கு அது முக்கியம்.

பதிவு 16 | பீடோங் திடல்

அழைப்புக் கடிதத்தில் இரண்டையும் போட்டுவிட்டோம்: மேடை தயார், மலேசியா மாலை 6.30, தாய்லாந்து மாலை 5.30. தொடக்கம், மலேசியா இரவு 8.00, தாய்லாந்து இரவு 7.00.